சுப்புத்தாயின் இளைப்பும் முதல் ரக வத்தலும்

கடம்பூரணி மிளகாய் வத்தலுக்குப் பேர்போன ஊர், மனிதர்களுக்குப் பேர்போன ஊர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் அங்கேயே பிறந்து, அந்த உப்புத்தண்ணீரையே குடித்து, வியாபாரிகள் சங்கத்துச் சரக்குக் கிட்டங்கியில் இருபத்திரண்டு வருசம் மூட்டைகளை எடைபோட்டவன் என்பதால் இப்படிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. கிழக்கே கண்மாய்க்கரை, மேற்கே ரயில்வே கேட்டு, இரண்டுக்கும் நடுவில் பதினாலு கிட்டங்கி, மூன்று டீக்கடை, ஒரு சினிமாக் கொட்டகை, ஒரு துணை சுகாதார நிலையம், மற்றபடி தும்மல்தான். மாசி பிறந்து புது வத்தல் இறங்கிவிட்டால் கல்யாண வீட்டில் தாலி கட்டும்போதும் தும்முவார்கள், சாவு வீட்டில் ஒப்பாரிக்கு நடுவிலும் தும்முவார்கள், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்த ஊரில் சுப்புத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். வயது முப்பத்தாறு. எங்கள் கிட்டங்கியில் சாக்கை விரித்து உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற இருபது பெண்களில் ஒருத்தி. பத்து வருசமாக அவளுக்கு இளைப்பு. பத்து வருசமும் அந்த இளைப்பு அவள் நெஞ்சுக்குள்ளேயே கிடந்தது, பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு மட்டும் லேசாகக் கேட்கும், அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வாள், அவ்வளவுதான். பிறகு ஒரு தை மாதத் தொடக்கத்தில், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சுப்புத்தாயின் மூச்சுச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்க ஆரம்பித்தது.

ஒலிபெருக்கியில் கேட்பதுபோல அல்ல. கண்மாய்க்கரையில் துணி துவைக்கிறவளுக்கும், ரயில்வே கேட்டடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு ரயிலுக்குக் காத்திருக்கிறவனுக்கும், கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவனுக்கும், இரண்டு காதும் மந்தமான தபால்காரருக்கும்கூட ஒரே அளவில், காதுக்கு ஒரு சாண் தூரத்தில், முதலில் ஒரு சின்ன இழுப்பு, அப்புறம் நீளமாக ஒரு விசில், விசிலின் வாலில் ஒரு கரகரப்பு, மறுபடி இழுப்பு, மறுபடி விசில், என்று கேட்டது. கேட்டைத் தாண்டி ஒரு அடி வைத்தால் நின்றுவிடும். பஸ்ஸில் வருகிறவர்கள் கேட்டுக்கு இந்தப்பக்கம் சக்கரம் ஏறியதும் காதைக் குடைந்துகொண்டார்கள், இரண்டு நாளில் அதையும் விட்டுவிட்டார்கள்.

முதல் நாள் எல்லோரும் அடுத்த வீட்டுக் குக்கர் என்று நினைத்தார்கள். இரண்டாம் நாள் டிரான்ஸ்பார்மர் என்று சொல்லி மின்வாரியத்து ஆளைக் கம்பத்தில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் சுப்புத்தாய் தண்ணீர் குடிக்கச் சொம்பை அண்ணாந்தாள், ஊரில் சத்தம் நின்றது. சொம்பைக் கீழே வைத்தாள், சத்தம் வந்தது. பக்கத்தில் இருந்தவள் கத்திவிட்டாள். உடனே ஊரே கிட்டங்கி வாசலில் கூடி, சந்தேகம் தீரவேண்டும் என்று அவளுக்கு நாலு சொம்புத் தண்ணீர் கொடுத்துக் குடிக்கவைத்து உறுதிசெய்துகொண்டது. அந்த மூன்று நாளில் "யாருக்கோ மூச்சு முட்டுது போல" என்று ஒரே ஒரு வாயும் சொல்லவில்லை. குக்கர் தெரிந்தது, டிரான்ஸ்பார்மர் தெரிந்தது, மனுசி தெரியவில்லை.

பிறகு கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊருக்குக் கூட்டம் போடத் தெரிந்த அளவுக்கு வேறெதுவும் தெரியாது. கொட்டகைக்காரர் எழுந்து, கதாநாயகி அழுகிற இடத்திலெல்லாம் விசில் கேட்கிறது, ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்றார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், பிள்ளைகள் வாய்ப்பாட்டை அந்த இழுப்புக்குத் தகுந்தாற்போல இழுத்துச் சொல்கிறார்கள் என்றார். சங்கத்தலைவர் தவசிலிங்கம், வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் காதில் செருகிய பூவுமாக நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், சுப்புத்தாயைப் பார்த்து மிகவும் தன்மையாகக் கேட்டார்:

"ஏம்மா, கொஞ்சம் மெதுவா மூச்சு விட்டாத்தேன் என்ன?"

"எனக்கு மட்டும் ஆசையா அண்ணாச்சி?" என்றாள் அவள். அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை நிறுத்தி இழுத்தாள். அந்த இரண்டு இழுப்பும் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

அவள் புருசன் மாடசாமி தலையைக் குனிந்து நின்றான். வீட்டுக்குப் போனதும் அவள் முகத்தில் கம்பளியைப் போட்டு மூடிப்பார்த்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஊரில் ஒரு ஆளுக்குத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்கத் தெரிந்திருந்தது. துணை சுகாதார நிலையத்து நர்சு ரோஸ்லின். மார்த்தாண்டத்துப் பக்கத்துப் பெண், எங்களூரில் வாடகைக்கு இருந்தாள், எங்களில் யாரையும் அவளுக்குப் பிடிக்காது, அதை மறைக்கவும் மாட்டாள். ஏழு தெருவுக்கு அப்பால் தன் மேசைமுன் உட்கார்ந்துகொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்து, சுப்புத்தாயின் மூச்சை ஒரு நோட்டில் எழுதினாள். இழுப்பு எவ்வளவு நேரம், விடுவது எவ்வளவு நேரம், விசில் விடும்போது மட்டும் வருகிறதா, இழுக்கும்போதும் வருகிறதா, எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று வாரம் முழுக்க எழுதி, அதை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டி, வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துப் பஃப் ஒன்று வாங்கிவந்து சுப்புத்தாயின் கையில் கொடுத்து, உறிஞ்சுகிற விதத்தையும் சொல்லிக்கொடுத்தாள்.

"காத்துக்குழாய் சுருங்கியிருக்கு. நெடி பட்டா இன்னும் சுருங்கும். நீ அந்தக் கிட்டங்கிப் பக்கமே போகக் கூடாது, கேட்டியா?"

"போகாம?" என்றாள் சுப்புத்தாய்.

ரோஸ்லின் பஃபைக் குலுக்கி அவள் வாய்க்கு நேரே நீட்டினாள். பஃப் அடித்த கால்மணி நேரத்தில் ஊர்க் காதில் விசில் மெலிந்து, கரகரப்பு போய், கடைசியில் ஒரு பெண் அமைதியாக மூச்சு விடுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. ஊருக்கு ரோஸ்லின்மேல் ஒரு வாரம் மரியாதை வந்தது. ஒருத்தி நன்றாக மூச்சு விடுகிறாள் என்பதற்காக வந்த மரியாதை அல்ல, காது சும்மா இருக்கிறது என்பதற்காக வந்தது.

அதோடு விட்டிருந்தால் எங்கள் ஊரை வெறும் முட்டாள் ஊர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். மாசி பிறந்தது. புது வத்தல் இறங்கியது. வத்தல் வியாபாரத்தில் உயிர்நாடி ஈரம். நன்றாகக் காய்ந்த வத்தல்தான் முதல் ரகம். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், வாங்குகிறவன் மூட்டையைத் திருப்பி அனுப்புவான். ஆனால் ஈரம் இருந்தால் எடை கூடும் என்பதால் எங்கள் வியாபாரிகள் ஒவ்வொருவரும், மூட்டை கட்டுகிற அன்று சாமி கும்பிட்ட கையோடு சரக்கின்மேல் ஒரு குடம் தண்ணீரைத் தெளிப்பார்கள். எல்லோரும் தெளிப்பதால் யாரும் யாரையும் நம்புவதில்லை. ஈரம் பார்க்கிற மிஷின் ஒன்று சங்கத்தில் இருந்தது, அதை யார் கையில் கொடுத்தாலும் அவனுக்குச் சாதகமாகவே காட்டும்.

இந்த நிலையில்தான் தவசிலிங்கம் ஒன்றைக் கண்டுபிடித்தார். காய்ந்த சரக்கைச் சுப்புத்தாய் சுளகில் புடைத்தால் தூசு பறக்கிறது, ஊர்க் காதில் விசில் ஏறுகிறது. ஈரச் சரக்கைப் புடைத்தால் தூசு பறப்பதில்லை, விசில் ஏறுவதில்லை. மூன்று மூட்டையை வைத்துச் சோதித்துப் பார்த்தார். மூன்றிலும் அவள் நெஞ்சு பொய் சொல்லவில்லை. மறுநாளே சங்கத்தில் தீர்மானம் போட்டு, மிஷினைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, எந்த மூட்டையானாலும் சுப்புத்தாயின் முன்னால் கொட்டி, அவள் புடைத்து, ஊர் கேட்டு, அதன்பிறகே ரகம் சொல்வது என்று முடிவாயிற்று. இதைவிட நேர்மையான ஏற்பாடு உலகத்தில் உண்டா என்று எங்களூர் டீக்கடைகளில் பெருமை பேசினார்கள். எவனும் வீட்டில் உட்கார்ந்தபடியே தன் மூட்டைக்கு என்ன ரகம் கிடைத்தது என்று தெரிந்துகொள்ளலாம். சாப்பிடுகிறவன் கையைச் சோற்றிலேயே நிறுத்தி, "ஆகா, இது குருநாதன் சரக்கு, எப்பிடிக் கீச்சுன்னு ஏறுது பாரு" என்பான். அவன் பெண்டாட்டி ரசத்தை ஊற்றியபடி, "போன வாரம் இதைவிட ஏறுச்சு" என்பாள். பிள்ளைகள் தெருவில் சாக்கை விரித்துக் காம்பு கிள்ளுகிற விளையாட்டு விளையாடின, ஒரு பிள்ளை சுப்புத்தாயாக உட்கார்ந்து விசிலடித்தது.

நேற்றுவரை ஊருக்கு இடைஞ்சலாக இருந்தவள் இப்போது 'நம்ம சுப்புத்தாய்' ஆகிவிட்டாள். மின்விசிறிக்கு அடியில் இடம் கொடுத்தார்கள். "தாயி, டீ குடிக்கிறியா?" என்று கேட்டார்கள். கம்பளி போட்டு மூடிய மாடசாமிக்குச் சங்கத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள், அவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "எம் பொண்டாட்டி நெஞ்சு ஊருக்கே தராசு" என்று பேசக் கற்றுக்கொண்டான். மானம் கெட்டவனுக்கு மாலை போட்டால் அவன் இன்னொரு மாலை கேட்பான். அவளுக்குந்தான் என்ன, பத்து வருசமாக எல்லோரும் தள்ளி உட்கார்ந்தவள், இப்போது எல்லோரும் அவள் மூச்சுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தச் சந்தோசம் ஒரு பத்து நாள் அவள் முகத்தில் இருந்தது என்பதை நான் பார்த்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பஃப் அடித்தால் நெஞ்சு மழுங்கிவிடுகிறது. காய்ந்த சரக்கைக் கொட்டினாலும் விசில் வருவதில்லை. அதனால் தவசிலிங்கம் அந்தப் பஃபை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். காலையில் வேலை தொடங்கும்போது பூட்டுவார், சாயங்காலம் வேலை முடிந்ததும் கொடுப்பார்.

ரோஸ்லின் கிட்டங்கிக்கு வந்து சண்டை போட்டாள்.

"நேத்துவரை அவ விடும்போதுதான் விசில் வந்தது. இண்ணைக்கு இழுக்கும்போதும் வருது. குழாய் இன்னும் சுருங்கியாச்சு. அந்த மருந்தைக் கொடுங்க."

"சிஸ்டர், நீங்க ஊசி போடுற வேலையைப் பாருங்க. சரக்கு எங்க வேலை."

"அவ சரக்கில்ல."

"யாரு சொன்னா? அவ எங்க ஊரு லச்சுமி" என்றார் தவசிலிங்கம், கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோலக் கையைத் தூக்கி. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் எடைக்கல்லை அடுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

ரோஸ்லின் சுப்புத்தாயைப் பார்த்தாள். "நீயாவது எழுந்து வாயேன்."

சுப்புத்தாய் மாடசாமியைப் பார்த்தாள். மாடசாமி நாற்காலியைப் பார்த்தான். அவள் எழவில்லை.

பங்குனி இரண்டாம் வியாழக்கிழமை, வடக்கேயிருந்து பெரிய கொள்முதல்காரர் ஒருவர் வந்தார். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கிட்டங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், உள்ளே வரமாட்டேன் என்றார், நெடி தாங்காதாம். காலையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். சுப்புத்தாய் புடைத்தாள். ஊர் கேட்டது. பதினோரு மணிக்கு விசில் இரண்டு பக்கமும் வந்தது, பன்னிரண்டு மணிக்கு இழுப்புக்கும் விடுவதற்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் போயிற்று, அவள் கழுத்து எலும்புக்கு மேலே இருக்கிற குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்வந்தது, தோள் இரண்டும் ஏறி இறங்கின. "மருந்து" என்று ஒரு தடவை சொன்னாள். "இன்னும் ஆறே மூட்டைதேன் தாயி" என்றார் தவசிலிங்கம். கடைசியில் அவருடைய சொந்தச் சரக்கு வந்தது. நான் அறிந்து, தவசிலிங்கம் தன் ஆயுளில் தண்ணீர் தெளிக்காமல் கட்டிய முதல் மூட்டை அதுதான். கொள்முதல்காரர் பெரிய இடம் என்பதால் மொட்டைமாடியில் போட்டு எட்டு நாள் காயவைத்திருந்தார், கையில் எடுத்துக் குலுக்கினால் விதை சலசலக்கும். அதைக் கொட்டினார்கள். சுப்புத்தாய் சுளகைத் தூக்கிப் புடைத்தாள். செந்தூசு எழுந்தது.

ஊரில் சத்தம் நின்றது.

விசில் இல்லை, கரகரப்பு இல்லை, இழுப்பு இல்லை. அத்தனை நாளும் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது எங்கேயோ போய்விட்டது. பிறகு போட்டி வியாபாரி குருநாதன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"ஈரம்! அண்ணாச்சி சரக்கு அம்புட்டும் ஈரம்!"

"வாயை மூடுலே! எட்டு நாள் காஞ்ச சரக்கு!" தவசிலிங்கத்தின் முகம் வத்தல் நிறத்துக்கு வந்தது. "இன்னொரு மூட்டையைக் கொட்டுங்கடா. மேல கொட்டுங்க. பக்கத்துல கொட்டுங்க!"

இன்னொரு மூட்டையைக் கொட்டினார்கள். சத்தம் வரவில்லை. "கொடம் கொடமாத் தெளிச்சிருக்காரு" என்றான் குருநாதன். "உங்க அப்பன் தெளிச்சான்" என்றார் தவசிலிங்கம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். ஒருவன் வத்தலை ஒடித்துக் காட்டினான், ஒருவன் முகர்ந்து பார்த்தான், ஒருவன் பரணில் ஏறி மிஷினைத் தேடினான், கொள்முதல்காரர் வாசலில் இருந்தபடியே கையை விரித்தார். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் சுப்புத்தாய் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, வாயைத் திறந்து, உதடு நீலம்பாரித்து உட்கார்ந்திருந்தாள். மாடசாமி நாற்காலியிலிருந்து எழுந்து அவள் தோளைத் தட்டி, "ஒழுங்கா மூச்சு விடுடி, மானம் போகுது" என்றான்.

வெளியே இன்னும் கேவலம். சத்தம் நின்றதும், ரகம் கேட்ட பெருமையை எல்லாம் மறந்து, வீடுகளிலிருந்து ஜனங்கள் தெருவுக்கு வந்து, அப்பாடா என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். அம்மனுக்கு நேர்ந்தது பலித்தது என்று ஒருத்தி சூடம் ஏற்றினாளாம். கொட்டகைக்காரர் ஓடிப்போய் ஒலியைக் கூட்டி வைத்தாராம்.

ஒரே ஒருத்தி ஓடிவந்தாள். ரோஸ்லின், தடுப்பூசிக்கு வந்த பிள்ளையைத் தாய் மடியிலேயே விட்டுவிட்டு, செருப்பு ஒரு தெருவில் ஒன்று, இன்னொரு தெருவில் ஒன்று கழன்று விழ, ஏழு தெருவையும் ஓடிக் கடந்து உள்ளே வந்தாள். நேராகத் தவசிலிங்கத்தின் முன்னால் நின்றாள்.

"சாவி."

"இருங்க சிஸ்டர், இந்த ஈரப் பஞ்சாயத்து முடியட்டும்..."

"ஈரமும் இல்ல, மண்ணும் இல்ல! குழாய் பாதி அடைச்சா விசிலடிக்கும். முழுசும் அடைச்சா எதை வச்சு விசிலடிக்கும்? அவளுக்குக் காத்தே போகல்ல, மனுசா! சாவியைத் தா!"

தவசிலிங்கம் அரைஞாணைத் தடவினார். முடிச்சு அவிழவில்லை. எனக்கு அப்போது என்ன வந்தது என்று தெரியாது, இருபத்திரண்டு வருசத்தில் முதல்தடவையாக யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன், இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கி மேசை இழுப்பறையின் பூட்டின்மேல் போட்டேன். பலகை பிளந்தது. ரோஸ்லின் பஃபை எடுத்து, டீ குடித்துப் போட்ட காகிதக் கப் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு அதில் செருகி, கப்பைச் சுப்புத்தாயின் மூக்கும் வாயும் மூடும்படி வைத்து, அழுத்தினாள். எண்ணினாள். மறுபடி அழுத்தினாள். "என்னைப் பாரு. என்னையே பாரு" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள். 108-க்கு நான் பேசினேன். குருநாதனும் தவசிலிங்கமும் சட்டையைப் பிடித்தபடியே நின்றார்கள்.

எட்டாவது அழுத்தலுக்குப் பிறகு, மிகவும் தொலைவில் கேட்பதுபோல ஒரு மெல்லிய விசில் ஊர்க் காதில் வந்தது. நூல்போல வந்தது, அறுந்தது, மறுபடி வந்தது. தெருவில் நின்ற ஜனங்கள் ச்சே என்று சலித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். ரோஸ்லின் தரையில் உட்கார்ந்து, வத்தல் தூசு படிந்த கையாலேயே கண்ணைத் துடைத்து, எரிச்சலில் இன்னும் அழுதாள். அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல சத்தம் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

தவசிலிங்கம் குருநாதனின் சட்டையை விட்டார். காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக் கேட்டார். முகமெல்லாம் மலர்ந்து கொள்முதல்காரரைப் பார்த்துக் கத்தினார்:

"கேட்டீகளா! விசில் வந்துருச்சு! நாந்தேன் சொன்னேன்ல, காஞ்ச சரக்கு!"

ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனபோது விசில் எங்கள் கூடவே இருந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அறுந்தது. அதற்குப்பிறகு அவள் கடம்பூரணிக்குள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்துவிட்டு, தூத்துக்குடியில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். சங்கம் மாடசாமியை அனுப்பியது. வாழைப்பழம் ஒரு சீப்போடு போய், வாசலில் நின்று, சீசன் இன்னும் முடியவில்லை, ஊரே உன்னைத்தான் கேட்கிறது என்று சொன்னானாம். திரும்பிவந்து சங்கத்தில் அவனே சொன்னான், அவள் என்ன பேசினாள் என்று. பெருமையாகச் சொல்லவில்லை, புரியாமல் சொன்னான்.

"இங்க நான் மூச்சு விட்டா எனக்கு மட்டுந்தேன் கேக்குது. எனக்கு அது போதும்னுட்டு கதவச் சாத்திட்டா அண்ணாச்சி."

சங்கம் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தது. ஊருக்கு உழைக்கிற மனசு எல்லோருக்கும் வராது என்று ஒருவர் சொன்னார். பிறகு தீர்மானம் போட்டார்கள். மறுநாள் கிட்டங்கி வாசலில் பலகை தொங்கியது: நல்ல இளைப்பு உள்ள பெண்கள் உடனடியாகத் தேவை, மருந்து எடுக்காதவர்களுக்கு முன்னுரிமை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் பதினேழு பேர் வந்து நின்றார்கள். முதலில் நின்றவள் மாடசாமியின் தங்கை, அவன்தான் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தான். வாசலுக்கு வெளியே ரோஸ்லின் ஸ்டெதாஸ்கோப்போடு நின்று ஒவ்வொருத்தியையும் மறித்து, நெஞ்சில் வைத்துக் கேட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோரும் வரிசையிலேயே நின்றார்கள். உள்ளே தவசிலிங்கம் ஒவ்வொருத்தியின் முன்னாலும் ஒரு கை வத்தலைப் போட்டு, புடைக்கச் சொல்லி, கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார். வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டதும், அடுத்த ஆள் என்று கூப்பிட்டதும் நான்தான்.